ஈரக் காற்றும் குளிர்ந்த சுவரும்

"நான் தினமும் வீட்டைக் கூட்டித் துடைக்கிறேன். என் வீட்டில் எப்படிப் பூஞ்சணம் வரும்?"

சிங்கப்பூரில் இதைக் கோபத்தோடு கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பவர்கள்தான். அலமாரியை நகர்த்தினால் பின்சுவரில் கரும்புள்ளிகள் கூட்டமாக இருக்கும். தீபாவளிக்குக் கட்டலாம் என்று எடுத்த பட்டுச்சேலையின் மடிப்பில் பழுப்புத் தடம். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுக் கழற்றி வைத்த தோல் செருப்பில் சாம்பல் பச்சைப் படலம். உடனே வீட்டுக்காரர் தம் மீதே பழியைப் போட்டுக்கொண்டு, பிளீச் பாட்டிலோடு சுவரைத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார். மூன்று வாரத்தில் அதே இடத்தில் அதே கறை.

தூசியும் நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளும் பூஞ்சணத்துக்குத் தீனி என்பது உண்மை. ஆனால் தீனிக்கு எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. பெயின்ட்டில் உள்ள பிசின், சுவர்த்தாளை ஒட்டிய பசை, ஒட்டுப்பலகையின் மரநார், சேலைக்குப் போட்ட கஞ்சி, புத்தகத்தின் அட்டை எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். அது வளருமா வளராதா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. தண்ணீர் என்றால் ஒழுகும் குழாயும் சொட்டும் கூரையும் மட்டுமில்லை. சிங்கப்பூரில் அது காற்றிலேயே இருக்கிறது.

நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் தீவு இது. ஆண்டின் சராசரி வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டியது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். ஆண்டு மழை ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ இங்கே குடிவந்தவர்களுக்கு இந்த எண்கள் வேறொரு உலகம். அங்கே கோடைப் பிற்பகலில் காற்று எலும்புபோல் காய்ந்து கிடக்கும். பீரோவை இறுகச் சாத்திப் பூட்டி வைத்தால் துணி பத்திரமாக இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே பூட்டினால், ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம்.

பூஞ்சணத்தின் வித்துகள் எங்கிருந்து வருகின்றன? எங்கும் இருக்கின்றன என்பதுதான் பதில். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று சிங்கப்பூர்க் காற்றை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து ஐந்து நாள் வடிகட்டிப் பிடித்து, அதில் இருந்த நுண்ணுயிர்களின் மரபணுக்களைப் படித்தது. பல மாத இடைவெளிகளில் இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். எலெனா குசரேவா, ஸ்டீபன் ஷூஸ்டர் முதலியோரின் அந்த ஆய்வு 2019இல் வெளியானது. காற்றில் உள்ள உயிர்க்கூட்டம் ஏறக்குறைய கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு மாறுகிறது என்று அதில் தெரிந்தது. பகலில் பாக்டீரியாக்கள் ஓங்குகின்றன, இரவில் பூஞ்சைகள். எந்த மாதத்தில் எடுத்தாலும் இந்தச் சுழற்சி பெரிதாக மாறவில்லை. குளிர்நாடுகளில் பருவத்துக்குப் பருவம் மாறுவது இங்கே பகலுக்கும் இரவுக்கும் இடையில் மாறிவிடுகிறது.

ஆகவே ஜன்னலைச் சாத்தி வித்துகளைத் தடுக்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள தூள் அது. செருப்பிலும் வரும், சந்தைப் பையிலும் வரும். நாளெல்லாம் அதை மூச்சோடு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுவரில் போய் உட்காரும் வித்து, அந்தப் பரப்பில் போதுமான ஈரம் கிடைக்கும்வரை சும்மா கிடக்கும். கிடைத்ததும் முளைத்து நூல்போன்ற இழை விடும். இழை செரிமான நொதிகளை வெளியே கசியவிட்டு, தான் நிற்கும் இடத்தையே கரைத்து உறிஞ்சும். வயிற்றுக்குள் உணவைப் போடாமல், உணவின் மேல் வயிற்றைப் போடும் உயிர். அதனால்தான் நாள்பட்ட கறை துடைத்தால் போவதில்லை. அது சுவரின் மேல்தோலுக்குள் இறங்கிவிட்டிருக்கும்.

எவ்வளவு ஈரம் வேண்டும்? இனத்துக்கு இனம் வேறுபடும். தோல், புத்தகம், கேமரா லென்ஸ் ஆகியவற்றில் படரும் சில அஸ்பெர்ஜில்லஸ் வகைகள் 70, 75 விழுக்காட்டிலேயே பிழைத்துக்கொள்ளும். வீட்டுச் சுவர்களில் வழக்கமாகக் காணும் பெனிசிலியம், கிளடோஸ்போரியம் போன்றவை 80க்கு மேல் செழிக்கும். பயமுறுத்தும் செய்திகளில் 'கரும்பூஞ்சை' என்று அடிபடும் ஸ்டாகிபோட்ரிஸுக்கு 90க்கும் மேல் வேண்டும். நனைந்து ஊறிய அட்டையும் ஜிப்சம் பலகையின் காகிதமும் அதற்கு உகந்தவை. இந்த எண்கள் அறைக் காற்றின் ஈரப்பதத்தைக் குறிப்பவை அல்ல. வித்து உட்கார்ந்திருக்கும் பரப்பை ஒட்டி, மயிரிழைத் தடிமனில் நிற்கும் காற்றின் ஈரப்பதத்தைக் குறிப்பவை. சிங்கப்பூர் வீடுகளின் பூஞ்சணக் கதை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு வாங்கி மேசையில் வைத்தால், இரண்டு நிமிடத்தில் கோப்பையின் வெளிப்புறம் வியர்த்து வழியும். உள்ளே இருக்கும் சாறு கசியவில்லை; வெளியே இருந்த நீராவிதான் குளிர்ந்த கண்ணாடியில் நீராகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே இது நடக்கத் தொடங்குமோ அதுதான் பனிநிலை. 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சாதாரணச் சிங்கப்பூர்க் காற்றுக்குப் பனிநிலை சுமார் 24 டிகிரி. அதாவது 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும், அது கோப்பையானாலும் சுவரானாலும், இந்தக் காற்று பட்டால் நனையும்.

படுக்கையறை ஏர்கானை எத்தனை டிகிரியில் வைக்கிறோம்? தேசியச் சுற்றுப்புற வாரியம் 25 அல்லது அதற்கு மேல் வைக்கச் சொல்கிறது. 22இல் வைத்துக் கம்பளி போர்த்துத் தூங்குபவர்களை எனக்கு நிறையத் தெரியும். எட்டு மணி நேரம் ஓடினால் அறையின் சுவர், கட்டில், மெத்தை, அலமாரி எல்லாம் குளிரை வாங்கிக்கொள்கின்றன. கான்கிரீட் கனமான பொருள். குளிர்ந்தால் எளிதில் சூடேறாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். சுவர் 26 டிகிரிக்கு வந்திருந்தால் போதும், 28 டிகிரி, 80 விழுக்காடு என்ற அந்தக் காற்று அதைத் தொடும் இடத்தில் ஈரப்பதம் 90 விழுக்காடு. சுவர் 25 என்றால் 95. ஒரு சொட்டு நீர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கை வைத்தால் லேசாகச் சில்லென்றிருக்கும், அவ்வளவுதான். கூடத்து மேசைமேல் இருக்கும் ஈரமானி 78 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் ஓர் இரவுப் பனிக்காடு.

அலமாரியின் பின்புறம் ஏன் முதலில் கறுக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். அங்கே காற்று அசைவதில்லை. சுவர் சூடேறப் பக்கத்தில் எதுவும் இல்லை. வந்த ஈரம் வெளியேற வழியில்லை. சுவருக்கும் அலமாரிக்கும் இடையே நாலு விரல் இடம் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். உள்ளூர்த் தச்சர்கள் சுவரோடு சுவராக அறைந்து செய்து தரும் அலமாரிகளில் அந்த நாலு விரலுக்கு இடமில்லை. அழகாக இருக்கும், ஏர்கான் அறையை அடுத்த சுவரில் அறைந்தால் வருவதை அனுபவிக்க வேண்டியதுதான்.

இன்னொரு பழக்கம் காலையில் எழுந்ததும் ஏர்கானை அணைத்துவிட்டு எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து 'நல்ல காற்று' வாங்குவது. ஊரில் பாட்டி சொல்லிக்கொடுத்தது. இங்கே காலை ஏழு மணிக் காற்றின் ஈரப்பதம் 90க்கு மேல். சுவரோ அப்போதுதான் இரவெல்லாம் குளிர்ந்து முடித்திருக்கிறது. நாளின் மிக ஈரமான காற்றை நாளின் மிகக் குளிர்ந்த சுவருக்கு அழைத்து வருகிறோம். ஏர்கானை அணைத்த பிறகு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, சுவர் சூடேறியபின் வெயில் வந்ததும் ஜன்னலைத் திறப்பது நல்லது. பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே, மழை இல்லாவிட்டால், இந்த ஊரில் கிடைக்கக்கூடிய மிக உலர்ந்த காற்று கிடைக்கும்.

பூஞ்சணம் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரைகளில் பாதி பிரிட்டனிலும் கனடாவிலும் எழுதப்பட்டவை. அங்கே வெளியே குளிர், உள்ளே கணகணப்பு. சமையலாவியும் மூச்சும் உள்ளிருந்து போய் வெளிச்சுவரின் உட்பரப்பில் படிந்து நீராகும். ஜன்னலைத் திறந்தால் உலர்ந்த குளிர்காற்று வந்து ஈரத்தைத் தூக்கிப் போகும். அதனால் 'காற்றோட்டம், காற்றோட்டம்' என்பார்கள். சிங்கப்பூரில் எல்லாம் தலைகீழ். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. குளிர்ந்த பக்கம் உள்பக்கம். ஏர்கான் அறைக்குள் பளபளப்பான வினைல் சுவர்த்தாள் ஒட்டினால், வெளிச்சுவர் வழியாக ஊடுருவும் நீராவி அந்தத் தாளின் பின்முதுகில் போய்த் தங்கிவிடும். தாளை உரித்தால் உள்ளே ஊதாவும் கறுப்புமாக வண்ணக்கோலம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஹோட்டல்கள் இதே பாடத்தை லட்சக்கணக்கான டாலர் கொடுத்துக் கற்றுக்கொண்டன.

ஏர்கானே குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. சரியாக ஓடும் ஏர்கான்தான் சிங்கப்பூரில் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய ஈர உறிஞ்சி. 30 கனமீட்டர் கொண்ட சிறு படுக்கையறையின் காற்றில், ஜன்னல் திறந்திருக்கும்போது, ஏறக்குறைய 650 மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியாக மிதக்கிறது. அதை 23 டிகிரிக்கும் 55 விழுக்காட்டுக்கும் கொண்டுவந்தால் மிச்சம் 340 மில்லிலிட்டர்தான். மற்றதெல்லாம் ஏர்கானின் குளிர்ச்சுருளில் நீராகி, வடிகுழாய் வழியாக வெளியே போயாக வேண்டும். ஆள் தூங்கும்போது விடும் மூச்சும் வியர்வையும், கதவிடுக்கில் நுழையும் காற்றும் இந்தக் கணக்கில் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலை கெடும் வழிகள் சில உண்டு. சிறிய அறைக்குப் பெரிய ஏர்கான் போட்டால் அது ஐந்து நிமிடத்தில் வெப்பநிலையை எட்டிப்பிடித்துக் கம்ப்ரெசரை நிறுத்திவிடும்; காற்று குளிர்ந்துவிடும், உலராது. கம்ப்ரெசர் நின்றபின் விசிறி மட்டும் ஓடினால், சுருளில் ஒட்டியிருந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தட்டில் நீர் தேங்கி, ஏர்கானே பூஞ்சண வித்துகளை ஊதும் பெட்டியாகிவிடும். ஏர்கானைப் போட்டவுடன் முதல் நிமிடத்தில் வரும் அந்த மக்கிய வாடையின் பொருள் இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீசிங் செய்யும் சிங்கப்பூர் வழக்கத்தைச் சிலர் நிறுவனங்களின் வியாபார தந்திரம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் இரவெல்லாம் ஓடும் கருவிக்கு அது தேவைதான்.

சிராங்கூன் சாலையில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ஏர்கான் ஓட்டும் கடை எதிலாவது நுழைந்தால் தலையை உயர்த்திக் கூரையைப் பாருங்கள். குளிர்காற்று வரும் சதுரத் துவாரத்தைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் இருக்கும். தெருவின் ஈரக்காற்றும் துவாரத்தின் குளிர்த் தகடும் சந்திக்கும் இடம் அது. ஆறடி தள்ளிக் கூரை வெள்ளையாகவே இருக்கும். அதே காற்று, அதே தூசி. தகட்டின் குளிர் மட்டும்தான் வித்தியாசம்.

குளிரவைத்தால் உலரவும் வைக்க வேண்டும். உலரவைக்க முடியாவிட்டால் குளிரவைக்காமல் காற்றோட விட வேண்டும். இரண்டுங்கெட்டானாக நடுவில் நிற்கும் வீட்டைத்தான் பூஞ்சணம் தேடி வருகிறது. இந்த இரண்டில் இரண்டாவது வழியை லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகள் ஏர்கான் என்ற ஒன்று இல்லாத காலத்திலேயே நன்றாகச் செய்து காட்டின.

அந்த வட்டாரம் ஈரத்திலேயே பிறந்தது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம். தண்ணீரும் புல்லும் இருந்ததால் கால்நடைத் தொழில் அங்கே வேர்விட்டது. எருமை என்று பொருள்படும் கெர்பாவ் சாலையும் பஃபலோ சாலையும் அந்தக் காலத்தின் மிச்சங்கள். அப்படிப்பட்ட மண்ணில் செங்கல் சுவர் எழுப்பினால் நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறும் அதே இயற்பியல். அன்றைய கொத்தனார்கள் அதைத் தடுக்க முயலவில்லை. ஏறிய ஈரம் எளிதாக வெளியேறும்படி விட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு நீராவியை உள்ளே அடைத்து வைக்காது. போதாததற்கு அதன் காரத்தன்மை பூஞ்சைக்கு ஒத்துவராது.

குறுகி நீண்ட அந்த வீடுகளின் நடுவில் வானம் பார்த்த காற்றுக்கிணறு உண்டு. கூரையின் உச்சியில் சற்றே தூக்கிக் கட்டிய சிறு கூரை, சூடான காற்று அதன் பக்கவாட்டு இடைவெளி வழியே வெளியேறும். ஜன்னல்களில் சாய்பலகைகள், அவற்றுக்கு மேலே துளையிட்ட காற்றுப்பலகைகள். வாசலில் கூரையிட்ட ஐந்தடிப் பாதை. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்ட விதிகளில் இருந்து வந்தது அது. சாரல் சுவரில் படாமல் காத்தது. இத்தனைக்கும் உள்ளே இருக்கும் காற்று ஈரமானதுதான், 80 விழுக்காடுதான். ஆனால் சுவரும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தன. காற்று நிற்காமல் நகர்ந்தது. பிற்பகலில் எல்லாம் ஒருமுறை காய்ந்தது. பூஞ்சணம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நிலைகொள்ள நேரம் கிடைக்கவில்லை.

லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. முகப்புகள் தப்பின. உள்ளே நடந்தது பல இடங்களில் வேறு கதை. காற்றுக்கிணற்றைக் கண்ணாடி போட்டு மூடிக் கூடுதல் இடம் எடுத்தார்கள். சுண்ணாம்பைச் செதுக்கிவிட்டு சிமெண்டு பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தார்கள். வெளியேற வழி அடைபட்ட நிலத்து ஈரம் சிமெண்டுக்கு மேலே எங்கே இடம் கிடைக்கிறதோ அதுவரை ஏறியது; முன்பு முழங்கால் உயரத்தில் நின்றது இடுப்புக்கு வந்தது. பெயின்ட் கொப்பளித்துச் செதில் செதிலாக உதிரும் கடைவீட்டுச் சுவர்களை டன்லப் தெருப் பக்கம் நடந்தால் இன்றும் பார்க்கலாம். அந்த உடம்பில் ஏர்கானையும் பொருத்தியபோது இரண்டுங்கெட்டான் நிலை முழுமையானது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் மறுபடி சுண்ணாம்புக்கும் மூச்சுவிடும் பூச்சுக்கும் திரும்புவது ரசனைக்காக மட்டும் அல்ல.

பெரும்பாலோர் வசிப்பது கடைவீட்டில் அல்ல, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில். அங்கே பூஞ்சணத்துக்கென்றே கட்டி வைத்ததுபோல் ஓர் அறை இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் குண்டுவீச்சிலிருந்து தப்ப ஒரு பாதுகாப்பறை கட்டாயம். எல்லாரும் 'பாம் ஷெல்டர்' என்கிறார்கள். எல்லாரும் அதைச் சாமான் அறையாகத்தான் வைத்திருக்கிறார்கள். தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு, மூடி போட்ட இரண்டு காற்றுத் துவாரங்கள். ஜன்னல் இல்லை. புதுவீட்டின் கான்கிரீட்டில் கட்டும்போது கலந்த நீரே முழுதாக வெளியேற ஓரிரு ஆண்டு பிடிக்கும். அதற்குள் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, கொலு பொம்மைகளையும் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களையும் பழைய ஆல்பங்களையும் வைத்துக் கதவைச் சாத்தினால், அடுத்த நவராத்திரிக்குத் திறக்கும்போது மூக்கே சொல்லிவிடும். துவார மூடிகளைத் திறந்து வைப்பது, கதவைப் பகலில் ஒருச்சாய்த்து விடுவது, அட்டைப்பெட்டிக்குப் பதில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதையும் சுவரில் ஒட்டாமல் தட்டில் வைப்பது. இதற்கு மேல் பெரிய தந்திரம் ஒன்றும் தேவையில்லை.

உடல்நலத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தவும் கூடாது, தாழ்த்தவும் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதலாகக் காணப்படுவதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இத்தனை வித்து வரை பாதுகாப்பு என்று எந்த எண்ணையும் அது தரவில்லை. ஈரத்தைத் தவிர்ப்பதே வழி என்றது. 'கரும்பூஞ்சை குழந்தைகளைக் கொல்லும்' என்ற பீதி அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1990களில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்த நிகழ்வில் தொடங்கியது. 2000இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே ஆதாரங்களை மறுஆய்வு செய்து, தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. பீதியோ இன்னும் உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூரில் ஒவ்வாமைக்குப் பெரிய காரணம் தூசிப்பூச்சிகள்தான், குறிப்பாக வெப்பமண்டலத்துக்கே உரிய பிளோமியா டிராபிகாலிஸ். அவை தண்ணீர் குடிப்பதில்லை; காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கின்றன. மெத்தையை உலர வைத்தால் இரண்டு விருந்தாளிகளும் ஒன்றாகக் கிளம்புவார்கள்.

சுவரில் வெள்ளையாகப் பூத்ததெல்லாம் பூஞ்சணம் அல்ல. விரலால் தொட்டு ஒரு சொட்டு நீரில் கலக்கிப் பாருங்கள்; கரைந்தால் அது செங்கல்லிலிருந்து ஈரத்தோடு வந்த உப்பு, அதற்கு மருந்து வேறு. புளோக்குகளின் வெளிச்சுவரில் செங்காவி நிறத்தில் படரும் கறையும் பூஞ்சணம் அல்ல. டிரென்டிபோலியா என்னும் பாசி. தாவரவியலாளர் வீ யோ சின் 1980லேயே சிங்கப்பூர்க் கட்டடங்களின் மேல் வளரும் பாசிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

உண்மையான பூஞ்சணத்தைத் துடைக்கப் பாத்திரம் கழுவும் சோப்புநீரே பெரும்பாலும் போதும். குளியலறை ஓட்டில், கண்ணாடியில் பிளீச் நன்றாக வேலை செய்யும். பெயின்ட் அடித்த சுவரில் அது நிறத்தை வெளுத்துவிட்டு, தன்னிலுள்ள தண்ணீரைச் சுவருக்குள் ஊட்டிவிடும். பூஞ்சண இழை ஈரத்தோடு உள்ளே இருக்கும். உலர்ந்த கறையைத் தேய்த்துப் பறக்க விடாதீர்கள், முதலில் நனைத்துத் துடையுங்கள். செத்த வித்தும் ஒவ்வாமை தரும். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா கலந்த துப்புரவு நீர்மத்தையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும், குளியலறை சிறியது.

எப்படித் துடைத்தாலும் கூரையின் ஒரே இடத்தில் வட்டமாகத் திரும்பி வந்தால் அது காற்றின் ஈரம் இல்லை. மேல்வீட்டுக் குளியலறைத் தரையின் நீர்க்காப்பு போய்விட்டது. வீவக வீடுகளில் அந்தத் தளத்துக்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் கூட்டுப் பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் வீவக பாதிச் செலவை ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குக் கால்பங்காகப் பகிர வேண்டும். பணத்தைவிட, மேல்வீட்டாரிடம் போய்ப் பேசுவதுதான் பலருக்கு மலைப்பாக இருக்கிறது.

பேரங்காடியில் வாங்கும் 'தேர்ஸ்டி ஹிப்போ' டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு. காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும் உப்பு. மூடிய அலமாரிக்குள் நன்றாக வேலை செய்யும். திறந்த அறையில் வைத்தால் சிங்கப்பூரின் வானத்தையே உலர்த்தப் பார்க்கும். நாப்தலீன் உருண்டை பூச்சிக்கானது, பூஞ்சணத்தைத் தடுக்க அதை நம்ப வேண்டாம். மின்சார ஈரநீக்கியைப் பற்றி 'அறையைச் சூடாக்குகிறது' என்று குறை சொல்வார்கள். உண்மைதான், ஒரு லிட்டர் ஆவி நீராகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வெளியாகிறது, கருவி தின்னும் மின்சாரம் தனி. ஆனால் பூஞ்சணத்தைப் பொறுத்தவரை அந்தக் குறையே நிறை. காற்று உலர்கிறது, சுவர் சூடாகிறது. இரண்டும் ஒரே கருவியில். ஆளில்லாத பகல் நேரத்தில் துணியறையின் கதவைச் சாத்தி ஓரிரு மணி நேரம் ஓட்டினால் யாருக்கும் புழுங்காது.

பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் சிறு ஈரமானி ஒன்றை வாங்கினால், அதைக் கூடத்தில் வைக்காதீர்கள். அலமாரியின் அடித்தட்டில், சுவர்ப் பக்கமாக, சேலைகளுக்குப் பின்னால் வையுங்கள். 65க்குக் கீழே நின்றால் பட்டுக்கும் தோலுக்கும் பயமில்லை. நாள்கணக்கில் 75ஐ விட்டு இறங்கவில்லை என்றால் ஒரு வெயில் பிற்பகலில் கதவுகளைத் திறந்து விசிறியைத் திருப்பி வைத்து, பட்டுச்சேலைகளை மடிப்பு மாற்றி அடுக்குங்கள். பழைய மடிப்பிலேயே விட்டால் சரிகையும் அங்கேயே ஒடியும்.